மண்ணுளி ஊர்ந்த கால்

பாம்பு அழகான உயிர் என்று தொலைக்காட்சியில் ஒருவர் அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டு சொல்கிறார். என் பேரன் வாயைப் பிளந்து பார்க்கிறான். நான் எழுந்து உள்ளே போய்விடுகிறேன். பயம் இல்லை, குமட்டல். என்னைப் போல ஐம்பதைத் தாண்டியவர்கள், தோப்பிலும் கொல்லையிலும் வெறுங்காலோடு திரிந்து வளர்ந்தவர்கள், இதை நம்புவீர்கள். அடிபட்ட சாரையின் நாற்றம் ஒருமுறை விரலில் ஒட்டினால் சாம்பல் போட்டுத் தேய்த்தாலும் போகாது. அந்தக் கையால் பிசைந்த களி இரண்டு நாளைக்குத் தொண்டையில் இறங்காது.

நான் சொல்லப்போவது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுவில் வந்த ஒரு மாம்பழப் பருவம். தேதிகளையெல்லாம் அப்போதே எழுதி வைத்தேன். அந்த நோட்டு இப்போது இல்லை என்பதால் தேதி சொல்லமாட்டேன். தெரியாததைத் தெரிந்ததுபோல எழுதுவது எனக்குப் பழக்கமில்லை. சித்திரைக் கடைசியில் தொடங்கி ஆவணியில் முடிந்தது. எனக்குப் பத்து வயது. இவை உறுதி.

எங்கள் தோப்பு வேப்பனப்பள்ளிக்கு வடக்கே, மைசூர் எல்லைக்கு நடந்தே போகிற தூரத்தில் இருந்தது. காய் முற்றியதும் குடும்பமே ஊர் வீட்டைப் பூட்டிவிட்டுத் தோப்புக் கொட்டகைக்கு வந்துவிடும். அப்பா, அம்மா, நான், அப்பாவின் கடைசித் தங்கையான அத்தை. பெரியப்பா தினமும் ஊரிலிருந்து வந்து போவார். மாந்தோப்பு என்றதும் வாசனையை நினைக்காதீர்கள். கொட்டகைக்குள் வைக்கோல் பரப்பி, காய் அடுக்கி, மேலே மறுபடி வைக்கோல் போட்டுப் பழுக்க வைப்பார்கள். நாலாம் நாள் அந்த வைக்கோலுக்குள் கை விட்டால் காய்ச்சல்காரன் அக்குள் மாதிரி சுடும். அழுகின செந்தூரா மாம்பழத்திலிருந்து நுரை வரும். நுரை மேல் ஈ. பழத்துக்கு எலி வரும், எலிக்குப் பாம்பு வரும்.

பாம்பை அடிப்பது ஒரு வேலை என்றால், அடித்தது என்ன பாம்பு என்று கண்டுபிடிப்பது அதைவிடப் பெரிய வேலை. நல்ல பாம்பு என்றால் வாயில் பால் விட்டு, விறகு அடுக்கி எரிக்க வேண்டும். அடித்தவர் தலை முழுக வேண்டும். வேறு பாம்பு என்றால் வேலி மேல் வீசிவிடலாம். ஆனால் அடிக்கிறவர்கள் முதலில் தலையைத்தான் நசுக்குவார்கள். படம் எடுக்கிற தலை கூழாகிப் போன பிறகு நல்ல பாம்பு எது, சாரை எது என்று தடியோடு நிற்கிறவர்களுக்குத் தெரியாது. முந்தின வருடம் பெரியப்பா ஒரு சாரைக்குப் பாலூற்றிக் கொள்ளி வைத்துவிட்டார். பாதி வெந்த பிறகு பக்கத்துத் தோப்புக்காரர் வந்து, மீந்திருந்த வாலின் நீளத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். அதற்கப்புறம் சந்தையில் பெரியப்பாவைக் காண்கிறவர்கள் எல்லாம், "என்னாங்க, சாரைக்குக் கருமாதி என்னிக்கு?" என்று கேட்டார்கள்.

அந்த அவமானத்துக்குப் பிறகுதான் என்னைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். நான் பாம்பை உற்றுப் பார்க்கிற பிள்ளை. பிடித்துப்போய்ப் பார்க்கவில்லை. பிடித்ததைக் கண் மேய்ந்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடும், அருவருப்பானதை விடாது. மூங்கில் குச்சியால் செத்த பாம்பை மல்லாத்துவேன். அந்த அடிவயிற்று வெளுப்பும், நகம் மாதிரி அடுக்கடுக்கான செதிலும், வால் தொடங்குகிற இடத்தில் பிதுங்கி நிற்கிற சதையும் இப்போது எழுதும்போதுகூட என் நாக்குக்கடியில் எச்சில் ஊறுகிறது. ஆனாலும் பார்ப்பேன். கழுத்துத் தோல் தொளதொளவென்று இழுத்தால் வருகிறதா, அதன் பின்புறத்தில் மூக்குக்கண்ணாடிக் குறி இருக்கிறதா, அது நல்ல பாம்பு. முதுகில் சங்கிலி கோத்த மாதிரி வட்டங்கள் இருந்தால் கண்ணாடி விரியன். கறுத்த மினுமினுப்பில் வெள்ளை வளையம் இரண்டிரண்டாக ஓடினால் கட்டுவிரியன். தலை இல்லாத சாரையை வாலை வைத்தே சொல்லிவிடுவேன்.

நாற்பது பக்க நோட்டு ஒன்றில் கோடு போட்டு எழுதினேன். தேதி, இடம், எத்தனை முழம், நிறம், வால், பெயர், என்ன செய்தார்கள். கடைசிக் கட்டத்தில் எல்லா வரியிலும் ஒரே சொல்தான்: அடித்தார்கள்.

"பாம்புப் பட்டாமணியக்காரி வர்றா, வழி விடுங்க!" என்று ஊர் அதிகாரி பட்டத்தை எனக்குக் கொடுத்து அத்தை கத்துவாள். அத்தைக்குப் பதினெட்டு வயது. எதற்கும் சிரிக்கிறவள். சிரிக்கும்போது எதிரில் இருப்பவர் தோளில் ஓங்கி அடிப்பாள். ஆனியில் அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை எல்லைக்கு அந்தப் பக்கம் பட்டுப்பூச்சி வளர்க்கிற குடும்பம். வீட்டில் பேசுவது தமிழ், தெருவில் கன்னடம். நிச்சயத்துக்கு வந்த அன்று மாப்பிள்ளை ஒரு மல்கோவாவை உறிஞ்ச, சாறு முழங்கை வழியாக ஓடி வெள்ளைச் சட்டைக்குள் இறங்கியது. அதை அவர் கவனிக்கவே இல்லை. கதவிடுக்கில் பார்த்துக்கொண்டிருந்த அத்தை என் தோளில் வைத்த அடி இன்னும் வலிக்கிறது. "இந்தாளுக்குத் துணி தோய்ச்சே நான் செத்துருவன்டி!" என்றாள். அதற்குப் பிறகு ஒரு வாரம் காரணமில்லாமல் சிரித்தாள். அவளுக்கு அவரைப் பிடித்திருந்தது. இந்த ஒன்றை நீங்கள் மறக்காமல் மேலே படிக்க வேண்டும்.

சித்திரைக் கடைசியில் ஒரு மத்தியானம் அவளும் நானும் கொட்டகையில் எதிரெதிரே உட்கார்ந்து பழம் பொறுக்கிக்கொண்டிருந்தோம். வெளியே ஐந்தாறு பேர் வண்டியில் கூடை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அத்தை காலை வைக்கோல் போருக்குள் நீட்டி உட்கார்ந்திருந்தாள். வைக்கோல் அசைந்தது. செம்மண் நிறத்தில் ஒன்று வெளியே வந்து அவள் இடது பாதத்தின் மேல் ஏறியது. தலை எங்கே முடிகிறது, உடம்பு எங்கே தொடங்குகிறது என்று தெரியாத தடித்த உருளை. வால் கூராக இல்லாமல் மொட்டையாக வெட்டின மாதிரி இருந்தது. அழுக்குத் துணியைப் பிழிந்து போட்டது போல மெதுவாக நகர்ந்தது. கணுக்காலுக்குக் கீழே நின்று நாக்கை நீட்டியது. உள்ளே இழுத்தது. மறுபடி நீட்டியது.

நான் முகத்தைச் சுளித்துப் பின்னால் நகர்ந்தேன். ஆனால் பெயர் தெரிந்துவிட்டது. பெயர் தெரிந்த மிதப்பில் என் உடம்பில் இருந்த மூச்சையெல்லாம் திரட்டிக் கத்தினேன்.

"மண்ணுளி! மண்ணுளி! அத்தை கால நக்கிருச்சு!"

வெளியே கூடை விழுகிற சத்தம் கேட்டது.

உங்களில் யாருக்காவது தெரியாமலிருந்தால் சொல்கிறேன். மண்ணுளி கடிக்காது, நக்கும். நக்கின இடத்தில் குஷ்டம் வரும். எங்கள் பக்கத்தில் அன்றைக்கு இதைச் சந்தேகப்பட்டவர் ஒருவரும் இல்லை. நானும் சந்தேகப்படவில்லை.

அத்தை காலை உதறி எழுந்தாள். கூடை ஏற்றியவர்கள் வாசலில் கூடிவிட்டார்கள். மண்ணுளியைக் கடப்பாரையால் இரண்டாக்கினார்கள். இரண்டு துண்டும் தனித்தனியே நெளிந்தன. "ரெண்டு தலப்பா அதுக்கு, ரெண்டையும் நசுக்கு" என்று ஒருவர் சொன்னார். இரண்டையும் நசுக்கினார்கள். எல்லோரும் அத்தையின் பாதத்தையே பார்த்தார்கள். அவள் புடவையை இழுத்துப் பாதத்தை மூடிக்கொண்டாள். அவளுக்குச் சிரிக்க வரவில்லை என்பதை நான் பார்த்தது அன்றுதான் முதல் தடவை.

பெரியப்பா வந்தார். அவருக்கு மாட்டு வைத்தியம் தெரியும். "ஒடனே சுட்டுட்டா வெஷம் மேல ஏறாது" என்றார். சேராங்கொட்டையை ஊசியில் குத்தி விளக்கில் காட்டினார். கொட்டையிலிருந்து கறுப்பாக எண்ணெய் கசிந்தது. மாட்டுக்குச் சுளுக்கென்றால் வைக்கிற அதே எண்ணெய். சலவைக்காரர் துணியில் குறி போடுவதும் அதில்தான். துணி கிழிந்தாலும் குறி போகாது. அந்த எண்ணெயை நாக்கு பட்டதாகச் சொல்லப்பட்ட இடத்தில் ஒரு ரூபாய் வட்டத்துக்குத் தடவினார்.

"எங்க நக்குச்சு? இங்கியா? பாப்பா, சரியாச் சொல்லு."

நான் விரலை நீட்டிக் காட்டினேன். சரியாகச் சொல்வதற்குத்தானே என்னைக் கூப்பிடுவார்கள்.

மறுநாள் பாதம் பூசணிப் பிஞ்சு மாதிரி வீங்கியது. மூன்றாம் நாள் எலுமிச்சம்பழ அளவுக்குக் கொப்புளம் எழும்பி உடைந்து மஞ்சள் நீர் வடிந்தது. பழத்தில் உட்கார்ந்த ஈ இப்போது அங்கே வந்து உட்கார்ந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து புங்கங்கிளையால் ஓட்டினேன். ஓட்ட ஓட்ட வந்தது. அந்த வாடையும் மாம்பழ வாடையும் என் மூக்கில் ஒன்றாகிப் போயின. இன்றுவரை நான் செந்தூரா தின்பதில்லை.

புண் ஆறியபோது அந்த வட்டத்தில் தோல் முதலில் இளஞ்சிவப்பாக இருந்தது. பிறகு வெளுக்க ஆரம்பித்தது. இருபத்தைந்தாவது நாளைக்கெல்லாம் சுண்ணாம்பு தடவினது போல வெள்ளை.

அம்மா அதைப் பார்த்தாள். அன்று மாலை அத்தையின் தட்டை மற்றத் தட்டுகளோடு அடுக்காமல் தனியே கவிழ்த்து வைத்தாள். யாரும் அம்மாவிடம் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. மறுநாள் தண்ணீர்ச் சொம்பு தனியானது. மூன்றாம் நாள் அத்தை தன் பாயை எடுத்துக்கொண்டு கொட்டகையின் மறுகோடிக்குப் போனாள். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகலாமே என்று அப்பா ஒருமுறை ஆரம்பித்தார். "அங்க போனா பேரு எழுதிக்குவாங்க. அப்பறம் நம்ம வீட்லயே சம்பந்தம் நின்னு போவும், இவளுக்கும் சேத்து" என்று பெரியப்பா என்னைக் காட்டினார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

நான் இதற்குள் யோசித்து முடித்திருந்தேன். ஈ ஓட்டிய நாட்களில் வேறென்ன வேலை? அந்த மத்தியானத்தை மறுபடி மறுபடி பார்த்தேன். நாக்கு நீண்டது. ஆனால் காலில் படவில்லை. ஒரு விரற்கடை தள்ளியே நின்றது. சாரையும் அப்படித்தான் நாக்கை நீட்டும். கிணற்றுத் தண்ணீர்ப் பாம்பும் நீட்டும். எதையும் நக்குவதற்கு அல்ல, சும்மா காற்றில். அப்பாவிடம் போய்ச் சொன்னேன்.

"அப்பா, அது நக்கலை."

"நீதான சொன்ன?"

"அவசரத்துல சொல்லிட்டேன். நாக்க நீட்டுச்சு, படலை."

அப்பா என் தலையைத் தடவினார். "அத்தை மேல பாசம், மாத்திச் சொல்லுது" என்றார் அம்மாவிடம். என் முதல் பேச்சை எல்லோரும் நம்பினார்கள். நான் ஒருபோதும் தப்பாகச் சொல்லாத பிள்ளை என்பதால். இரண்டாவது பேச்சை நம்பவில்லை. நான் குழந்தை என்பதால்.

கூடை ஏற்றியவர்கள் அந்த வாரமே சந்தைக்குப் போயிருந்தார்கள், செய்தியும் அவர்களோடு போயிருந்தது. ஆகவே மாப்பிள்ளையின் அப்பாவும் அம்மாவும் வைகாசிக் கடைசியில் ஒருநாள் முற்பகலில் மாட்டுவண்டியில் வந்து இறங்கியபோது எங்களில் யாரும் ஆச்சரியப்படவில்லை. தோப்பைப் பார்க்க வந்ததாகச் சொன்னார்கள். தோப்பை அவர்கள் பார்க்கவே இல்லை.

அம்மா மாம்பழத்தை நறுக்கித் தட்டில் வைத்தாள். மாப்பிள்ளையின் அம்மா தட்டைத் தொடாமல், "முழுசாவே குடுங்கம்மா, நானே தோல் உரிச்சுக்கறேன்" என்றார். முழுப் பழத்தையும் மடியில் வைத்துக்கொண்டாரே ஒழியத் தின்னவில்லை. தண்ணீர் வேண்டாம் என்றார். மோர் வேண்டாம் என்றார். அந்த வெயிலில் ஆறு மைல் வண்டியில் வந்தவருக்கு உதடு வெடித்திருந்தது.

அத்தை உள்ளே இருந்தாள். வெள்ளையை மறைக்கப் பாதம் இரண்டிலும் அம்மா மஞ்சளை அப்பியிருந்தாள். அதுவரை தொடாத கால். அன்றைக்குத் தொட்டாள், கை படாமல், ஒரு தென்னை மட்டை நாரால்.

மாப்பிள்ளையின் அம்மா என்னைப் பார்த்தார். "இல்லி பா, கூசு" என்றார். இங்கே வா குழந்தை என்பதுதான். "நீதான் பாம்பு பேரு சொல்ற பொண்ணாமே? சொல்லு. அது நக்குனத நீ பாத்தியா?"

பெரியப்பா என் பக்கம் திரும்பினார்.

"நாக்க நீட்டுச்சு. காலு மேல படலை. ஒரு வெரக்கடை தள்ளி" என்று விரலை வைத்துக் காட்டினேன். "எல்லாப் பாம்பும் நாக்க நீட்டும். சாரையும் நீட்டும். சாரையப் பாத்து யாரும் குஷ்டம்னு சொல்றதில்ல."

அந்தம்மா முகம் கொஞ்சம் இளகியது. மாப்பிள்ளையின் அப்பா அதுவரை வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். துப்பிவிட்டு வந்து பெரியப்பாவிடம் கேட்டார்.

"நக்கலைன்னா மருந்து எதுக்குங்க வெச்சீங்க?"

"எதுக்கும் இருக்கட்டும்னுதான்…"

"மருந்து வெச்சும் வெள்ளையா வந்துருக்குதாமே?"

"அந்த வெள்ளை, மருந்தால வந்ததுங்க."

"நக்காத காலுக்கு மருந்து, மருந்தால வெள்ளை. நல்லாத்தான் இருக்குது" என்று அவர் சிரித்தார். "சரி, நாங்களும் எதுக்கும் இருக்கட்டும்னு ஒரு வருஷம் பாக்கறோம்."

"வருஷமென்ன, பன்னண்டு வருஷம் கழிச்சும் வரும்னு சொல்றாங்க" என்றார் அந்தம்மா, மடியிலிருந்த பழத்தை வைக்கோல் மேல் வைத்தபடி.

அப்போதுதான் அத்தை வெளியே வந்தாள். மாப்பிள்ளை வீட்டார் முன்னால் தலை குனிந்து நிற்க வேண்டிய பெண். புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கி, வலது காலை முன்னால் வைத்தாள்.

"பெரியண்ணா, இந்தக் காலுக்கும் அதே எண்ணெய வைய்யி. இதுல எந்தப் பாம்பும் ஏறல. இவங்க ஒரு மாசம் கழிச்சு வந்து பாக்கட்டும். இதுவும் வெளுத்துருந்தா அது ஒன் மருந்து. வெளுக்கலைன்னா நான் குஷ்டக்காரி, ஒத்துக்கறேன்."

நாற்பது வருடமாக நினைத்துப் பார்த்துவிட்டேன். அன்று அங்கிருந்தவர்களில் அறிவாகப் பேசியது அவள் ஒருத்திதான். அப்பா அவளை அடிக்கக் கை ஓங்கினார். பெரியப்பா, "வெக்கங்கெட்டவளே, உள்ள போ" என்றார். மாப்பிள்ளை வீட்டார் வண்டி பூட்டச் சொன்னார்கள். போகும்போது அந்தம்மா புடவைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டார். காலின் வாடை அவ்வளவு தூரம் வராது. புண் ஆறியே பத்து நாளாகியிருந்தது.

மறுநாள் அப்பா சந்தைக்குப் போன பிறகு அத்தை என்னைக் கூப்பிட்டாள். சேராங்கொட்டை, ஊசி, விளக்கு மூன்றும் எடுத்து வைத்திருந்தாள்.

"நோட்டக் கொண்டா. நீதான தேதி போட்டு எழுதற ஆளு? எழுது."

"வலிக்கும் அத்தை."

"எனக்குத் தெரியாதாடி?"

அவளே குத்தினாள், அவளே காட்டினாள், அவளே தடவிக்கொண்டாள். இடது காலில் இருந்த அதே இடம், அதே வட்டம். அளவு சரியா என்று நூல் வைத்துப் பார்த்தது நான். முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். கொட்டகையின் அந்தக் கோடிக்கு என்னைத் தவிர யாரும் வருவதில்லை. நான் எழுதினேன். ஒன்றாம் நாள், சிவப்பு, அரிப்பு. இரண்டாம் நாள், வீக்கம், கட்டைவிரல் மடங்கவில்லை. மூன்றாம் நாள், கொப்புளம். ஐந்தாம் நாள், உடைந்தது, நீர் மஞ்சள், ஈ. எழுதிவிட்டு இரண்டு தடவை வெளியே ஓடிப்போய் வாந்தி எடுத்தேன். திரும்பி வந்து அதையும் எழுதலாமா என்று கேட்டேன். "ஒன் வாந்தி எதுக்குடி அவங்களுக்கு?" என்று அத்தை சிரித்தாள். மண்ணுளி ஏறின பிறகு அந்தப் பருவத்தில் அவள் சிரித்தது அந்த ஒரு தடவைதான் என்று முதலில் எழுதினேன். தப்பு. இன்னொரு தடவையும் உண்டு.

அது இருபத்தேழாம் நாள். காலையில் அவள் வெளிச்சத்துக்கு வந்து இரண்டு பாதங்களையும் சேர்த்து வைத்துப் பார்த்தாள். இரண்டிலும் ஒரே வெள்ளை. ஒரே வட்டம். எது பாம்பு ஏறின கால், எது ஏறாத கால் என்று யாராலும் சொல்ல முடியாது. "அண்ணி! அண்ணி! வந்து பாரு! ரெண்டும் ஒண்ணு!" என்று கத்தி, கொட்டகை வாசலில் நின்று கைதட்டிச் சிரித்தாள்.

அம்மா வந்து பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டாள். அம்மாவுக்குப் பின்னால் கூடை ஏற்றுகிறவர்கள் நின்றார்கள். அவர்களில் ஒருவர் மற்றவரிடம் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"இந்தக் காலுக்கும் வந்துருச்சுப்பா."

அத்தையின் கை தட்டின நிலையிலேயே நின்றது.

நான் நோட்டைத் தூக்கிக்கொண்டு அப்பாவிடம் ஓடினேன். அப்பாவைப் பற்றி நான் நல்லதாகச் சொல்லக்கூடியது ஒன்று உண்டென்றால் இதுதான்: அவர் அதை முழுக்கப் படித்தார். மரத்தடியில் உட்கார்ந்து, விரலை வைத்து, ஒவ்வொரு வரியாக. படித்துவிட்டு வெகுநேரம் தன் உள்ளங்கையைப் பார்த்தார். மாங்காய்ப் பால் பட்டு வெந்த தழும்புகள் எங்கள் எல்லோர் கையிலும் இருந்தன. அவற்றை யாரும் நோய் என்று சொன்னதில்லை. பிறகு எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு, நோட்டை மடித்து இடுப்பில் செருகி, எல்லையைத் தாண்டி நடந்தே போனார்.

பொழுது சாயும்போது திரும்பினார். இடுப்பில் நோட்டு இல்லை.

"வாங்கிக்கிட்டாங்களா அப்பா?"

அப்பா கால் கழுவிக்கொண்டே சொன்னார். "கைல வாங்கல. வாசப்படில வெச்சேன். அந்தம்மா ஒரு குச்சிய எடுத்துகினு வந்து, தெருப்பக்கமாத் தள்ளி வுட்டுருச்சு."

செத்த பாம்பைத் தள்ளுகிற மாதிரி. அவர் அப்படிச் சொல்லவில்லை. நான் பார்த்தேன், பார்க்காமலே. நான் வருடம் முழுக்கச் செய்த வேலை அதுதானே.

ஆவணியில் மாப்பிள்ளைக்கு வேறிடத்தில் கல்யாணம் நடந்தது. அந்தச் செய்தி வந்த அன்று அம்மா அத்தையின் தட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தாள், தனியே. பருவம் முடிந்து நாங்கள் ஊர் வீட்டுக்குத் திரும்பியபோது அத்தை தோப்பிலேயே தங்கிவிட்டாள். தங்கிவிட்டாள் என்றுதான் வீட்டில் சொல்வோம். விட்டுவிட்டு வந்தோம் என்று எழுதுவதே சரி.

அவளுக்குக் குஷ்டம் வரவில்லை. அவளுக்கு முப்பத்தைந்து வயதானபோது, ஊர் ஊராகக் குஷ்டத்துக்குத் தோலைச் சோதிக்கிறவர் ஒருவர் சைக்கிளில் வந்து, பஞ்சாலும் ஊசியாலும் அந்த வட்டங்களைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இது சுட்ட தழும்பும்மா, யார் வெச்சது?" என்று கேட்டார். பெரியப்பா அப்போது செத்துப்போயிருந்தார். அந்தச் சோதனைக்காரர் எழுதிக் கொடுத்த சீட்டை யாரும் கேட்கவில்லை, அத்தையும் காட்டவில்லை. அவள் அதற்குள் அந்தத் தோப்பை அப்பாவைவிட நன்றாக நடத்திக்கொண்டிருந்தாள். சுற்றுவட்டாரத்தில் எல்லாத் தோப்பிலும் திருட்டு உண்டு, எங்கள் தோப்பில் கிடையாது. அவள் கை பட்ட மரத்தில் கல்லெறிய யாருக்கும் துணிவில்லை. "காவலுக்கு நாய் வேணாம், எனக்கு நாய்ச் சோறு மிச்சம்" என்பாள். அவள் பறித்த பழத்தை மட்டும் வண்டிக்காரர்கள் ஊர்ப் பெயரை மாற்றிச் சொல்லி விற்றார்கள். வாங்கினவர்கள் தின்றார்கள். நக்கினார்கள், முழங்கை வரைக்கும்.

எனக்குக் கல்யாணமாகி ஓசூருக்கு வந்து, இரண்டு பிள்ளைகள் பெற்ற பிறகு ஒரு கோடையில் தோப்புக்குப் போயிருந்தேன். அத்தை கொட்டகை வாசலில் காலை நீட்டி உட்கார்ந்து காய் பிரித்துக்கொண்டிருந்தாள். தலை நரைத்திருந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து நானும் பிரித்தேன். அவள் பாதங்களைப் பார்க்காமலிருக்க முயன்றேன். முடியவில்லை. வருடக்கணக்காகக் கேட்க நினைத்ததைக் கேட்டேன்.

"அத்தை, எம் மேல கோவமா?"

"இல்லடி, கண்ணு" என்பாள் என்று எதிர்பார்த்தேன். அதைக் கேட்டுவிட்டு ஊருக்குப் போகத்தான் வந்திருந்தேன் என்று இப்போது தெரிகிறது.

"ஆமா" என்றாள்.

கையிலிருந்த காயைத் திருப்பிப் பார்த்து, அடிபட்டிருந்த பக்கத்தைக் கண்டு, ஒதுக்கி வைத்தாள்.

"பாம்பு பேரு சரியாத்தான் சொன்ன. நக்குச்சுன்னது பத்து வயசுப் புள்ள பயந்து சொன்னது, அதையும் வுட்டுடலாம்" என்றாள். "எதிர்லதான ஒக்காந்திருந்தன்? என் காதுல மட்டும் சொல்லியிருக்கலாமேடி."